நெல்லின் பதம் அறியும் கருவிகள்

நெல்லைப் பல்லால் கடித்தே அதன் காய்ச்சலைச் சொல்லிவிடுவார் நம் பாட்டி. அரிசி ஆலைகளில் அந்த வேலையைக் கருவிகள் செய்வதைக் காண்போமா?

புழுங்கலரிசிக்கு நெல்லைக் குளிர்நீரில் ஊறவைத்தால் ஒன்றிரண்டு நாளாகும். புளித்த வாடையும் வீசும். 70 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரிலோ மூன்று, நான்கு மணி நேரமே போதும். ஆனால் சூடு மிகுந்தால் உமி வெடித்துவிடும். ஆகவே, தொட்டியிலுள்ள வெப்பமானி சூட்டை அளக்கிறது; கட்டுப்பாட்டுக் கருவி அதை 70 உடன் ஒப்பிடுகிறது; கூடினாலும் குறைந்தாலும் நீராவி வால்வைத் திருத்துகிறது. பிறகு மீண்டும் அளக்கிறது. அளத்தல், ஒப்பிடல், திருத்தல் என்னும் இந்த ஓயாத சுற்றே எல்லாத் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டிற்கும் அடிப்படை.

உலர்த்துவதும் அவ்வாறே. அவித்த நெல்லின் ஈரம் ஏறத்தாழ 30 சதவிகிதத்திலிருந்து 14க்கு இறங்கவேண்டும். அவசரப்பட்டால் அரிசியில் கீறல் விழுந்து, உழவரின் பல மாத உழைப்பு அரைவையில் நொய்யாகிப்போகும். எனவே, இடையில் நெல்லைச் சற்று ஆறவிட்டு மீண்டும் உலர்த்துவார்கள்.

1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது.

தோழியரே! கருவி அளக்கும், சரியான அளவு எதுவென்று கண்டது மனித அறிவே. அவ்வறிவை நாமும் கற்போம். நம் மண்ணின் நெல்மணி ஒன்றும் வீணாகாமல் காப்போம்.