லீவே எடுக்காத நல்லவர்

எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். காலையில் முதல் ஆளாக வருவார். ஜுரம் அடித்தாலும் பிளாஸ்க்கில் கஷாயத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ‘நாலு நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்களேன்’ என்றால், ‘என் சீட்டை வேற யாராலயும் பார்க்க முடியாது சார்’ என்பார். நாம் அவருக்கு ஆண்டு விழாவில் சால்வை போர்த்துவோம். மோசடியைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற தணிக்கையாளரோ, அவருடைய மேசை இழுப்பறையைத்தான் முதலில் திறக்கச் சொல்வார்.

உழைப்பாளிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். லீவு எடுக்காதவர்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை. ஆனால், திருடுகிறவரால் பயமில்லாமல் லீவு எடுக்க முடியாது. அவருடைய நாற்காலியில் இன்னொருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும், கணக்கு இடிக்க ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்றொரு சிற்றூர். ரீட்டா கிரன்ட்வெல் அந்த நகராட்சியின் நிதி அதிகாரி. 1990-லிருந்து 2012 வரை அவர் சுருட்டியது 5 கோடி டாலருக்கும் மேல். பாதாளச் சாக்கடைத் திட்ட நிதி என்று தோன்றும்படி பெயர் வைத்து, வங்கியில் ரகசியமாக ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார். மாநில அரசு அனுப்பியதுபோலப் போலி பில்களைத் தயாரித்து, நகராட்சிப் பணத்தை அதற்குள் திருப்பினார். அந்தப் பணத்தில் வளர்ந்தவை சுமார் 400 உயர்ரகக் குதிரைகள்! ஆண்டுதோறும் தணிக்கையும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஊரில் சாலை போடப் பணம் இல்லை. ‘மாநில அரசு காசு தரவில்லை’ என்று இவரே காரணமும் சொன்னார்.

2011-ல் அவர் நீண்ட விடுப்பில் போயிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்த பெண் ஊழியர் எல்லாக் கணக்குகளின் விவரங்களையும் வங்கியிடம் கேட்டு வாங்கினார். அதுவரை கேள்விப்படாத கணக்கு ஒன்றும் அதில் வந்தது. அவர் அலறவில்லை, மேயரிடம் மட்டும் காட்டினார். மேயர் எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார். அடுத்த சில மாதங்கள், ஒன்றும் தெரியாதவர்கள்போல ரீட்டாவுடன் ஒரே அலுவலகத்தில் இருவரும் வேலை பார்த்தார்கள். சந்தேகம் வந்ததும் சத்தம் போட்டால் ஆதாரம் அழிந்துவிடும் என்பது மோசடித் தடுப்புப் பயிற்சியின் முக்கியமான பாடம். அவர்கள் அதைப் பயிற்சி இல்லாமலே கடைப்பிடித்தார்கள். ரீட்டாவுக்கு 19 ஆண்டுகள் 7 மாதங்கள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நம் ரிசர்வ் வங்கியும் 2021-ல் கட்டாய லீவை விதியாகவே வலியுறுத்தியது. முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாள்களுக்கு லீவில் அனுப்ப வேண்டும். அந்த நாள்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர, வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடக்கூடாது.

ஒருவர் சீட்டில் இன்னொருவர் உட்காருவதன் அருமை, அந்த விதிக்கு முன்பே மும்பையில் தெரிந்தது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையில் அதிகாரி ஒருவர் பல ஆண்டுகள் ஒரே பொறுப்பில் இருந்து 2017-ல் ஓய்வுபெற்றார். 2018 ஜனவரியில் வைர வியாபாரி நீரவ் மோடி தரப்பு நிறுவனங்கள் வெளிநாட்டுக் கடனுக்கு உத்தரவாதக் கடிதம் கேட்டு வந்தன. அப்போது சீட்டில் இருந்தவர்கள், முழுத் தொகைக்கும் மார்ஜின் பணம், அதாவது ஈடாக முன்பணம், கட்டச் சொன்னார்கள். ‘இதுவரை கட்டியதே இல்லையே’ என்று பதில் வந்தது. பழைய பதிவுகளைத் தேடினால், அப்படிக் கடிதம் கொடுத்ததற்கான சுவடே இல்லை. வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகச் செய்தி போயிருக்கிறது. வங்கியின் கோர் பேங்கிங் கணக்கில் ஏறவில்லை. இரண்டுக்கும் இணைப்பே இல்லாமல் இருந்தது. தோண்டத் தோண்டத் தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

டிக்சனில் ஒரு பட்டியல் கேட்டார்கள், மும்பையில் ஒரு மார்ஜின் கேட்டார்கள். இரண்டும் சாதாரணக் கேள்விகள்தான். அவற்றை அத்தனை ஆண்டுகள் யாரும் கேட்கவிடாமல் செய்தது, ‘சார் பார்த்தா சரியாத்தான் இருக்கும்’ என்ற நம் கூச்சம். மோசடித் தடுப்புப் பயிற்சி உடைக்க வேண்டியது அந்தக் கூச்சத்தைத்தான். மென்பொருள் எல்லாம் அப்புறம்.

சான்றிதழ் பெற்ற மோசடி ஆய்வாளர்களின் சங்கமான ஏ.சி.எஃப்.இ., 1988-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க அமைப்பு. அதன் 2024 அறிக்கையின்படி, வெளிவந்த மோசடிகளில் 43 சதவிகிதம் யாரோ துப்புக் கொடுத்ததால் சிக்கியவை. துப்புக் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேல் அந்தந்த நிறுவன ஊழியர்கள். வெளித் தணிக்கையாளர் பிடித்தது வெறும் 3 சதவிகிதம். ஆக, மேலதிகாரிகளை மட்டும் ஏசி ஹாலில் உட்கார வைத்து நடத்தும் வகுப்பால் பெரிய பயன் இல்லை. வவுச்சர் அடுக்குகிறவருக்கும் கடைநிலை ஊழியருக்கும் அந்த வகுப்பு வேண்டும். சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

புதுக் காலத்து மோசடியும் இதே கூச்சத்தைத்தான் குறிவைக்கிறது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் தெரியவந்த சம்பவம். அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மேலதிகாரி பெயரில் தகவல் வந்தது. அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரியும் சக ஊழியர்களும் முகம் காட்டிப் பேசவே, சந்தேகம் கரைந்துவிட்டது. அத்தனையும் செயற்கை நுண்ணறிவு செய்த முகங்கள். 15 முறையாகச் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் பறந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, தனக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் மேலதிகாரியை அழைத்திருந்தால் போதும். ஆனால், பெரியவர்களிடம் ‘நீங்க நீங்கதானா?’ என்று யார் கேட்பது?

சந்தேகப்படுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கடன் கணக்கை மோசடி என்று முத்திரை குத்துமுன், சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அடுத்த ஆண்டே ரிசர்வ் வங்கி, பதில் சொல்லக் குறைந்தது 21 நாள் அவகாசம் தரச் சொல்லி விதி செய்தது.

இன்று எனக்குப் பெரிய அதிகாரிகளைவிட, கிளை கவுன்ட்டரில் இருக்கும் ஊழியரைப் பற்றித்தான் கவலை. ஆயுள் சேமிப்பான எஃப்.டி.யை உடைக்க ஒரு முதியவர் வருகிறார். ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்று போலி போலீஸ் மிரட்டியிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. அவருக்கு அது தெரியாது. ‘யார் கேட்டாலும் மகள் கல்யாணம்னு சொல்லு’ என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் எட்டுப் பேர் வரிசையில் முணுமுணுக்கிறார்கள். ஊழியர் எடுத்த பயிற்சியோ, கணினியில் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டி முடித்த ஒரு மணி நேரப் பாடம்.

வாய்விட்டுக் கேட்டால் முதியவர் மறுப்பார். சட்டைப்பையில் இருக்கும் போனில் எதிராளி கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு சலான் தாளைத் திருப்பி, ‘போலீஸ்னு சொல்லி யாராவது மிரட்டுறாங்களா ஐயா? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு நான் போன் பண்றேன்’ என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தலாம். வரிசை இரண்டு நிமிடம் காத்திருக்கும்.