பாங்கியின் பெயரால் நடைபெறும் வஞ்சகம்

விதைக்கும் உரத்திற்குமென்று சேர்த்து வைத்த பணம், குடியானவர் வயலில் நிற்கும்போதே, கைப்பேசியின் வழியாகக் கணக்கைவிட்டு மறைந்துபோகும் சம்பவங்கள் நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்து வருகின்றன. இம்மோசடியின் தன்மையையும் அதைத் தடுக்கும் வழிகளையும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மோசடியின் தன்மை.— 2019-ஆம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்படி, நிலமுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு வருஷத்திற்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாகப் பாங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்படுகிறது. இதற்கு ஈ-கே.ஒய்.சி. என்னும் அடையாளப் பரிசோதனை கட்டாயமேயாகும். வஞ்சகர் பற்றிக்கொள்வது இந்த உண்மையைத்தான். "கே.ஒய்.சி. காலாவதியாயிற்று, இன்றே முடிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்" என்று பாங்கியின் பெயராலோ திட்டத்தின் பெயராலோ வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பும் அதனுடன் இருக்கும். அதை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளைக் கொடுத்துவிட்டால், பாங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளை வஞ்சகனும் படிக்கக்கூடும். அப்பால் ஓ.டி.பி.யை ஒருவரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததென்றும் நம்பலாகாது. அவருடைய கைப்பேசியே வஞ்சகர் வசமாகியிருக்கலாம்.

தடுக்கும் முறைகள்.—

1. அவசரப்படுத்தும் அழைப்பை உடனே துண்டித்துவிட்டு, பாஸ் புத்தகத்திலுள்ள கிளைக்கு நேரில் சென்று விசாரிக்க வேண்டும். திரையில் பாங்கியின் பெயர் தோன்றுவது அத்தாட்சியாகாது.

2. ஈ-கே.ஒய்.சி.யைத் திட்டத்தின் அரசாங்க வலைத்தளத்தில் தாமே செய்துகொள்ளலாம். அல்லது பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம். பிறர் அனுப்பும் கோப்பினால் செய்யலாகாது.

3. ஓ.டி.பி.யையும் ரகசிய எண்ணையும் பாங்கி உத்தியோகஸ்தர் கேட்பதில்லை. யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்கே ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை.

4. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கைப் பிறர் உபயோகத்திற்குக் கொடுக்கலாகாது. திருட்டுப் பணம் அவ்வழியே செல்லுமாயின், கணக்குக்குரியவரும் விசாரணைக்கு உட்படுவார்.

நஷ்டம் நேர்ந்தால்.— வாய்க்கால் நீர் வயலுக்கு வயல் பாய்வதுபோல், திருடிய பணம் கணக்குக்குக் கணக்கு விரைந்து மாற்றப்படும். முதல் மடையிலேயே அடைத்தால் மீட்க வழியுண்டு. ஆகையால் க்ஷணமும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்து, பாங்கிக்கும் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரகசிய எண்ணைத் தாமே வெளியிட்டவர், புகார் செய்யும் வரை நேர்ந்த நஷ்டத்தைத் தாமே ஏற்கவேண்டுமென்றும், அதன்பின் நேர்வது பாங்கியைச் சேருமென்றும் ரிசர்வ் பாங்கி 2017-ஆம் வருஷத்தில் விதித்தது. தாமதத்தினால் விளையும் கேடு இதனால் விளங்கும்.

கிராம அதிகாரிகளுக்கு.— ஏமாந்தவர் பலர் வெட்கத்தினால் வாய் திறவாதிருந்து, உள்ளதையும் இழக்கின்றனர். அவர்களைக் குறை கூறாமல், உடனிருந்து புகார் செய்விப்பது பெரும் உபகாரமாகும். தவணை வரும் காலங்களில் இவ்விஷயங்களைக் கிராமத்தில் யாவரும் அறியும்படி வாசித்துக் காட்டினால், பல குடும்பங்களின் விதைப்பணம் காப்பாற்றப்படும்.