கறுப்பு நாயில் எத்தனை கறுப்பு?

கறுப்பு லாப்ரடார் ஒன்றின் முகத்தைத் துணியில் செய்ய உட்காருகிறவர் முதலில் எடுத்து வைப்பது கறுப்புத் துணியைத்தான். முதல் பிழையும் அங்கேயே தொடங்குகிறது. சன்னலோரம் எடுத்த புகைப்படத்தை ஊன்றிப் பார்த்தால், நெற்றி மேட்டில் விழும் வெளிச்சம் வானத்தின் நீலத்தை வாங்கிச் சாம்பல் நீலமாக நிற்கிறது. கன்னத்தில் கத்தரிப்பூச் சாயல் ஓடுகிறது. காதோரத்தில் வெயில் பட்ட இடம் செம்பழுப்பு. முழுக் கறுப்பு என்று சொல்லத்தக்கவை மூக்குத் துளை, கண்ணின் பாவை, வாயோரக் கோடு, காது மடிப்பின் அடி, அவ்வளவுதான். செல்லப் பிராணியின் முகத்தை க்வில்ட்டாகச் செய்வதற்கென்றே அமெரிக்காவில் சிறு வார இறுதி முகாம்கள் நடக்கின்றன. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. பத்து ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த நாயின் முகம் மனப்பாடம் என்று நம்பியவருக்கு, அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று துணி காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தக் கைவேலையின் மதிப்பு அந்தக் காட்டிக்கொடுப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. முடிந்த படம் சுவரில் அழகாகத் தொங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணி வேலை, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அதை க்வில்ட் ஆக்குகிறது. உருவப்படம் செய்கிறவர்கள் முதலில் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அடர்த்தியிலிருந்து வெளிச்சம் வரை ஐந்தாறு படிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். படிகளின் எல்லைகளைத் தாளில் வரைந்துகொண்டு, இஸ்திரிச் சூட்டில் உருகிப் பிடிக்கும் மெல்லிய பசைத்தாளைத் துணியின் பின்புறம் ஒட்டி, துண்டு துண்டாக வெட்டி அடுக்குகிறார்கள். இங்கேதான் துணிக்கும் வண்ணத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு தெரிகிறது. ஓவியர் இரண்டு வண்ணத்தைக் குழைத்து, இருட்டை மெல்ல வெளிச்சமாக்கிக் கொண்டுபோகலாம். முடிவெடுக்காமலே ஓர் இடத்தைக் கடந்துவிட அவருக்கு வழி உண்டு. துணியில் அது நடக்காது. வெட்டிய துண்டு ஒன்று இந்தப் படியில் சேர வேண்டும், இல்லை அடுத்த படியில் சேர வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள சரிவு இருட்டா, நடுத்தரமா? பதில் சொல்லாமல் கத்தரிக்கோல் நகராது. பதில் சொல்ல வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும்.

ஐந்தாறு படியில் ஒரு முகம் அடங்குமா என்ற சந்தேகம் வரலாம். 1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரக் கட்டங்களாகச் சிதைத்து சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வெளியிட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு சாம்பல் அடர்த்தி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் கட்டங்கள், தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கினால் லிங்கன். முகத்தை அடையாளம் காட்டுவது நுணுக்கமான கோடுகளைவிட, இருட்டும் வெளிச்சமும் எங்கெங்கே எவ்வளவு இருக்கின்றன என்பதே. நிறம் இதில் எவ்வளவு குறைவாகப் பங்கேற்கிறது என்பதற்கு நியூ ஜெர்சியைச் சேர்ந்த பீசா பட்லரின் க்வில்ட்டுகள் சாட்சி. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்து கறுப்பின மக்களின் உருவங்களைத் துணியில் எழுப்புகிறவர் அவர். முகங்களில் நீலம், ஊதா, சிவப்பு எல்லாம் தாராளமாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொருவரும் இன்னார் என்று நிற்கிறார்கள். நிறத்தை விருப்பம்போல் மாற்றிய அவர், அடர்த்திப் படிகளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே பச்சைப் பூப்போட்ட துணியில் செய்த நாய்கூட அந்த நாயாகவே இருக்க முடியும். தவறான இடத்தில் வைத்த ‘சரியான’ பழுப்பு அதை வேறு நாயாக்கிவிடும்.

இதை வீட்டில் தனியே உட்கார்ந்து செய்யக்கூடாதா? செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் செய்கிறவரின் கண் எப்போதும் துணியிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. முகமோ பத்தடி தள்ளித்தான் தோன்றுகிறது. அதனால்தான் முகாமில் சுவரில் ஃபிளானல் துணியை விரித்து, வெட்டிய துண்டுகளை அதில் பொருத்திவிட்டு, அறையின் மறுகோடிக்கு நடந்துபோய்த் திரும்பிப் பார்க்கிறார்கள். வாசற்கதவில் வைக்கும் எட்டிப்பார்க்கும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வழியே பார்க்கிறவர்கள் உண்டு. படம் சுருங்கி, பிழை துருத்திக்கொண்டு தெரியும். நிறத்தை மறைத்து அடர்த்தியை மட்டும் காட்டுவதற்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் வைத்திருப்பார்கள். இப்போது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தாலே போதும். இத்தனை கருவிக்கும் மேலானது பக்கத்து மேசைக்காரரின் கண். அவருக்கு அந்த நாயைத் தெரியாது. அதன் குணம், அது செய்த சேட்டை எதுவும் தெரியாது. எதிரில் இருப்பது மட்டுமே அவர் கண்ணில் படும். “இடது கண் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது” என்று அவரால் சொல்ல முடிவது, அவர் அதன்மேல் அன்பு வைக்காததால்தான். அன்பு வைத்தவருக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததும் நினைவு வந்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது.

கண் என்று வந்துவிட்டதால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அனுபவசாலிகள் பலர் முகத்தைக் கண்ணிலிருந்தே தொடங்குகிறார்கள். கண் பிழைத்தால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொம்மைதான். நாயின் கண்ணில் நம் கண்ணைப்போல வெள்ளை விரிந்து தெரியாது. கருவிழியைச் சுற்றி ஒரு கறுப்பு ஓரம், மேலிமையின் நிழல் விழுந்து விழியின் மேல்பாதி அடர்ந்திருக்கும், கீழ்ப்பாதி தேன் நிறத்தில் தெளியும். நிழலை விட்டுவிட்டால் நாய் திடுக்கிட்டதுபோல் விழிக்கும். கடைசியில் மிளகளவு ஒரு வெள்ளைத் துண்டு, வெளிச்சத்தின் பிரதிபலிப்பு. அது இரண்டு கண்ணிலும் வெளிச்சம் வந்த பக்கமே அமைய வேண்டும். ஒன்றில் இடமும் மற்றதில் வலமும் வைத்தால் பார்வை சிதறிப்போகும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படம் இதற்கு உதவாது. நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. ஃப்ளாஷில் அது பளீரென்று ஒளிர்ந்து கண்ணையே விழுங்கிவிடும்.

புகைப்படத்தை நேராகத் துணியில் அச்சடித்து மேலே தையல் ஓட்டிவிட்டால் முடிந்ததே, எதற்கு இரண்டு நாள் உழைப்பு என்று கேட்பார்கள். அச்சடித்த துணி கெட்டதில்லை, ஒரு பரிசுக்கு அது போதும். ஆனால் அதில் யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. வயதான நாயின் மோவாயும் கண்ணோரமும் நரைத்திருக்கும். அந்த நரையை வைப்பதா, நரைக்கு முந்திய முகத்தைச் செய்வதா? கிழிந்து ஆறிய காதை அப்படியே காட்டுவதா? அச்சு இயந்திரம் இதைக் கேட்காது. துணியை வெட்டுகிறவர் ஒவ்வொரு துண்டிலும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடையில் விற்கும் ‘லாப்ரடார்’ மாதிரி வரைபடம் குறித்தும் எனக்கு இதே குறைதான். அதைப் பின்பற்றினால் லாப்ரடார் என்ற இனம் கிடைக்கும், வீட்டில் வளர்ந்த நாய் கிடைக்காது.

பசையால் ஒட்டுவது தையற்கலையா என்ற முணுமுணுப்பு க்வில்ட் உலகத்துக்குள்ளேயே உண்டு. ஊசியால் துண்டு சேர்த்துப் பழகிய கைகளுக்கு அது குறுக்குவழியாகப் படுவது இயல்பே. ஆனால் அச்சுத்துணியிலிருந்து வேண்டிய உருவத்தை வெட்டி வேறு துணியில் பதிப்பது புதுப்பழக்கம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும், பின்பு அமெரிக்காவிலும், சின்ட்ஸ் எனப்படும் பூப்போட்ட பருத்தித் துணியின் பூவையும் பறவையையும் வெட்டி வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்தார்கள். அந்த முறைக்குப் பிற்காலத்தில் ப்ரோடரி பெர்ஸ், அதாவது பாரசீகப் பூத்தையல், என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பாரசீகத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய துணிகள்தான் அன்று ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றவை. விலையேறிய துணியின் சிறு துண்டும் வீணாகக்கூடாது என்பதில் பிறந்தது அந்த வழி. பசையால் ஒட்டினால் ஓரம் பிரியும், துவைக்க முடியாது என்ற குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். இது சுவரில் தொங்குவதற்கு, போர்த்துக்கொள்வதற்கு அன்று.

ஒரு விலங்குக்கு இத்தனை பாடா என்பது வலுவான கேள்வி, நம் ஊரில் இன்னும் வலுவாக எழும். ஹாரியட் பவர்ஸ் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த பெண். 1895-க்கும் 1898-க்கும் இடையே அவர் தைத்த சித்திர க்வில்ட் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விவிலியக் காட்சிகளுக்கும் வானில் எரிமீன் பொழிந்த இரவுக்கும் நடுவே, ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவரை 500 மைல் ஓடிய ஒரு பன்றிக்கு அதில் இடம் கொடுத்திருக்கிறார். அதன் பெயர் பெட்ஸ். திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரும் கோவிவன் என்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வசதி மிஞ்சியவர்களின் பொழுதுபோக்கு என்று இந்த இரண்டையும் யாரும் தள்ளிவிட முடியாது. பெயரிட்டு அழைத்த உயிருக்கு உருவமும் தரவேண்டும் என்ற எண்ணம் ஏழ்மையிலும் போரிலும் தோன்றியிருக்கிறது.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் கலைகிற முகாமில் இது முடியுமா என்றால், பெரும்பாலும் முடிவதில்லை. பத்துப் பேரின் இஸ்திரிப்பெட்டி ஒரே நேரத்தில் சூடேறினால் மின்சாரமே நின்றுவிடும். அதிலும் கொஞ்ச நேரம் போகும். கிளம்பும்போது முகம் ஒட்டி முடிந்திருந்தால் நல்ல வேகம். ரோமம் போகும் திசையில் நூலோட்டுவதும், பஞ்சு விரிப்போடு சேர்த்துத் தைப்பதும், ஓரம் கட்டுவதும் வீட்டு வேலை. மீசை எல்லாவற்றுக்கும் கடைசி. துணியை நகர்த்தும் பற்களைத் தையல் இயந்திரத்தில் இறக்கிவிட்டு, தடித்த நூலில், கன்னத்திலிருந்து வெளியே ஒரே வீச்சாக ஓட்ட வேண்டும். நடுவில் கை தயங்கினால் அந்த இடத்தில் கோடு முறியும். பிரித்தாலும் ஊசித்துளை தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு வெற்றுத் துணியை வைத்துக்கொண்டு அதில் இருபது முப்பது மீசை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருகிறார்கள்.