கணையப் புற்றுநோய்: கத்தி எட்டாத கட்டிக்குப் புரோட்டானும் கீமோவும்

காமாலை இறங்கவில்லையா?

மீஞ்சூர் தொடங்கிப் பழவேற்காடு வரை மீனவக் குப்பங்களில் கண் மஞ்சளித்தால் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். கிருமித் தொற்றால் வரும் காமாலை பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பெயர் மருந்துக்குப் போய்விடும். கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தக்குழாயை அடைப்பதால் வரும் காமாலை அப்படி இறங்காது. உடம்பெல்லாம் அரிப்பு, கட்டங்காப்பி நிறச் சிறுநீர், வெளுத்த மலம், முதுகுக்குப் பாயும் மேல்வயிற்று வலி, எடைக் குறைவு, 50 வயதுக்குமேல் திடீரெனச் சர்க்கரை ஆகியவையும் சேர்ந்தால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் ஆபத்தைக் கூட்டும்.

கட்டியை ஏன் எடுக்க முடிவதில்லை?

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியைக் கட்டி சுற்றிக்கொண்டால் பெரும்பாலும் அறுத்தெடுக்க முடியாது. நோய் தெரியவரும்போது அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் 100-க்கு 15 முதல் 20 பேர்தான்.

புரோட்டான் என்ன செய்கிறது?

அறுக்க முடியாத கட்டிக்குக் கதிர்வீச்சு ஒரு வழி. 'கரண்ட் வைப்பது' என்று நம்மவர்கள் சொல்லும் வழக்கமான கதிர்வீச்சு, கட்டியைத் தாண்டி மறுபக்கம் வரை ஊடுருவும். புரோட்டான் என்ற நுண்துகள்களாலான கதிர், குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். சிறுநீரகம், தண்டுவடம், குடலுக்குப் படும் கதிர் குறையும். ஆனால் கட்டியை ஒட்டியே முன்சிறுகுடல் இருப்பதால் புண், ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு முற்றிலும் நீங்காது. தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையத்தை 2019-ல் சென்னை தரமணியில் அப்போலோ குழுமம் தொடங்கியது.

கீமோ எதற்கு?

கதிர் ஓரிடத்தை மட்டுமே தாக்கும். ரத்தத்தில் கலந்துவிட்ட புற்றுச்செல்களைத் தேடிப்போவது கீமோ மருந்து. பித்த அடைப்பு இருந்தால் முதலில் அதைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைப்பார்கள். பிறகு சில மாதம் கீமோ, மறுபடி ஸ்கேன். நோய் பரவாதவர்களுக்கே கதிர்வீச்சு யோசிக்கப்படும். அப்போது கூடவே தரும் கேப்சிடபின் மாத்திரை அல்லது ஜெம்சிடபின் ஊசி, புற்றுச்செல்கள் கதிருக்கு எளிதில் மடிய உதவும்.

எவ்வளவு நம்பலாம்?

வழக்கமான கதிர்வீச்சை ஆராய்ந்த 'எல்ஏபி07' ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்வது குறைந்தது, ஆயுள் கூடவில்லை. ஜப்பானில் புரோட்டானையும் ஜெம்சிடபினையும் சேர்த்து 50 பேருக்குக் கொடுத்த ஆய்வில் (2012), ஓராண்டு கடந்தும் உயிருடன் இருந்தவர்கள் 76.8 சதவீதம். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை.

புரோட்டான் செலவுக்காகப் படகையும் வலையையும் விற்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நோய் பரவியிருக்கிறதா? கீமோவுக்கு அடங்கியதா? புரோட்டானின் பலன் சாதாரணக் கதிர்வீச்சிலேயே கிடைக்காதா? இரண்டாவது கருத்துக்குச் சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளும் அடையாறு புற்றுநோய் மையமும் இருக்கின்றன.