ஸ்கேல் சரி, சுரம் ஏன் உரசுகிறது?

சி மேஜர் ஸ்கேல் என்றால் பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மட்டும். கர்நாடக இசைக் கணக்கில் சங்கராபரணம். ஏழே சுரங்கள்தான் என்பதால் கிட்டார் கற்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே விரலில் ஏறிவிடும். அடுத்து டிரம்ஸும் பேஸும் கார்டுகளும் மட்டும் ஒலிக்கும் ஒரு பேக்கிங் ட்ராக்கை ஓடவிட்டு, அதன்மேல் சொந்தக் கற்பனையில் வாசிக்க உட்கார்வோம். அப்போதுதான் சிக்கல் தெரியும். ஸ்கேலை விட்டு ஒரு ஃப்ரெட்கூட விலகியிருக்க மாட்டோம். ஆனாலும் சில சுரங்கள் இனிக்கும், சில நெருடும். மொத்தத்தில் அது சரளி வரிசையாகவே கேட்கும்.

நெருடலுக்கான காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ட்ராக்கில் சி மேஜர் கார்டு ஒலிக்கிறது; அதில் இருப்பவை சி, ஈ, ஜி. நீங்கள் எஃப் சுரத்தை வாசித்து அதிலேயே நிற்கிறீர்கள். நடு ஆக்டேவின் ஈ நொடிக்கு சுமார் 329.6 முறை அதிர்கிறது, எஃப் 349.2 முறை. இரண்டும் கலக்கும்போது ஒலி நொடிக்கு ஏறக்குறைய 20 தடவை ஏறி இறங்குகிறது. இது நொடிக்கு இரண்டு, மூன்று என்றிருந்தால் காது அதை அலையலையாகக் கேட்கும். கிட்டார் சுருதி சேர்க்கும்போது கவனித்திருப்பீர்கள். 20 என்றால் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, கரகரப்பாகவே படும்.

இந்தக் கரகரப்புக்கும் கசப்புக்கும் உள்ள உறவை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் விளக்கினார். உட்செவியில் மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் அசைக்கின்றன. காதால் அவற்றைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. எவ்வளவு நெருங்கினால் உரசும் என்பதை நெதர்லாந்தின் பிளாம்ப், லெவெல்ட் இருவரும் 1965இல் சோதனைகள் வழியே அளந்து காட்டினார்கள்.

ஆனால் எஃப் மீது பழி போட முடியாது. ட்ராக் எஃப் கார்டுக்கு மாறியதும் அதே சுரம் அந்தக் கார்டின் அடித்தளமாகிவிடுகிறது. சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டுகள் சுற்றிவரும் ட்ராக் ஒன்றைப் போட்டு, ஈ சுரத்தை மட்டும் விடாமல் வாசித்துப் பாருங்கள். சி கார்டில் அது மூன்றாம் சுரமாக நின்று மலர்ச்சி தரும். ஏ மைனரில் ஐந்தாம் சுரமாகி உறுதியாக உட்காரும். எஃப் கார்டில் ஏழாம் சுரமாகி ஓர் ஏக்கத்தைக் கொண்டுவரும். ஜி கார்டில் ஆறாம் சுரமாக, இறங்க இடம் தேடித் தொங்கும். விரல் அசையவே இல்லை. அடியில் உள்ள தரைதான் நகர்ந்தது.

கர்நாடக இசைக் காது உள்ளவர்கள் கிட்டாரில் தடுமாறும் இடமும் இதுதான். தம்புராவின் ஆதார ஷட்ஜம் கச்சேரி முழுக்க அசையாது. எனவே காந்தாரம் என்றைக்கும் காந்தாரம்தான். பேக்கிங் ட்ராக்கில் கார்டுக்குக் கார்டு உறவு மாறுகிறது. டி மைனர் கார்டிலேயே நெடுநேரம் நிற்கும் ட்ராக்கில் அதே வெள்ளைக் கட்டைச் சுரங்களை வாசித்தால் கரகரப்ரியா எழும். ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேற்கில் இந்தச் சுர வரிசையை டோரியன் மோட் என்பார்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ‘ஸோ வாட்’ இந்த மோடின் மேல்தான் நிற்கிறது.

உறவுகளை இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே வாசிக்க முடியுமா? முடியாது, அதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும். தேர்ந்த கலைஞர்களின் மூளை என்ன செய்கிறது என்பதை சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் எஃகுக் கம்பியெல்லாம் ஆகாது. அதனால் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களுக்குக் காந்தத்தில் சிக்காத சிறிய கீபோர்டு ஒன்றைக் கொடுத்தார்கள். முதலில் சி மேஜர் ஸ்கேலை அப்படியே வாசிக்க வேண்டும். பிறகு அதே சுரங்களில் கற்பனையாக. அடுத்து, ஹெட்ஃபோனில் ஒலிக்கும் ஜாஸ் குழுவின் பதிவோடு மனப்பாடமான ஒரு மெட்டு. பிறகு அதே பதிவின் மேல் கற்பனை.

இரண்டு சோதனைகளிலும் முடிவு ஒத்துப்போனது. கற்பனையாக வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பக்கவாட்டுப் பகுதியில் செயல்பாடு குறைந்தது. சுய வெளிப்பாட்டோடு தொடர்புள்ள நடுப்பகுதியில் கூடியது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 39 பியானோ கலைஞர்களைப் பரிசோதித்தபோது, கற்பனை வாசிப்பில் அதிக மணிநேரம் பழகியவர்களிடம் இத்தகைய கட்டுப்பாட்டுப் பகுதிகளின் செயல்பாடு குறைவாகவும், முன்மூளையின் சில பகுதிகளுக்கிடையே இணைப்பு வலுவாகவும் இருந்ததைக் கண்டார்கள்.

ஆக, ‘யோசிக்காமல் வாசி’ என்ற அறிவுரை பாதி உண்மைதான். யோசித்துக் காதில் ஏற்றிய பிறகே யோசனை விலக இடமுண்டு. அப்படிக் காதில் ஏற்றும் பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்க ஜாஸ் ஆசிரியர் ஜேமி ஏபர்ஸோல்டு 1967 முதல் வெளியிட்ட பயிற்சி இசைத்தட்டுகளில் பேஸ் ஒரு சேனலிலும் பியானோ மறு சேனலிலும் ஒலித்தன. ஒன்றை அணைத்து மற்றதை மட்டும் கேட்கலாம். கூட வாசிப்பவரைக் கேட்பதும் பயிற்சியின் பாதி என்பது அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. மெதுவான ட்ராக்கை எடுங்கள். முதல் சில சுற்றுகள் கிட்டாரைத் தொடாமல், கார்டு மாறும் இடத்தில் அதன் மூன்றாம் சுரத்தை வாயால் பாடுங்கள்: சி கார்டுக்கு ஈ, ஏ மைனருக்கு சி, எஃப் கார்டுக்கு ஏ, ஜி கார்டுக்கு பி. அடுத்து அந்த நான்கை மட்டும் கம்பியில் வாசியுங்கள். மற்ற சுரங்களை இந்த நான்கை நோக்கி நடக்கும் வழியாக மட்டும் சேருங்கள். அப்போது எஃப் கூட உரசாது. கடந்துபோகும் சுரத்துக்கு உரச நேரமில்லை. காதில் இது பழகியதும் ட்ராக்கின் சுருதியை மாற்றி, கழுத்தின் வேறு இடத்தில் தொடங்குங்கள். விரல் பழக்கம் உதவாத அந்த இடத்தில்தான், காது எவ்வளவு கற்றிருக்கிறது என்பது தெரியும்.