விசேட கல்வி ஆசிரியையின் மற்றைய உத்தியோகம்

வன்னியில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகினுள் நுழைந்தால், ஆறு வயதுப் பாலகனும் மீசை அரும்பிய பையனும், செவிப்புலன் குன்றிய சிறுமியும் எழுத்துக்களை இடம் மாற்றி வாசிக்கும் சிறுவனும் ஒரே அறையில் அமர்ந்திருக்க, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பாடத்தை வகுத்துக்கொண்டு ஓர் ஆசிரியை நிற்பதைக் காணலாம். கற்பித்தல் அவருடைய கடமையில் கண்ணுக்குத் தெரிகிற பாகம் மாத்திரமே.

மற்றப் பாகத்துக்கு இங்கிலாந்தில் தனிப் பொறுப்பே உண்டு. 1994இல் வெளியான நடைமுறை விதித்தொகுப்பு, விசேட தேவையுடைய பிள்ளைகளின் காரியங்களை ஒருங்கிணைக்கும் பணியைப் பாடசாலைதோறும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்தது. 2014இன் புதிய தொகுப்போ அதற்குப் போதிய நேரம் ஒதுக்கவேண்டும் என்றும் வற்புறுத்தியது. அப்படியிருந்தும் கடதாசி வேலையில் மூழ்கிப்போகிறோம் என்ற முறைப்பாடு அங்கே ஓயவில்லை.

இங்கோ, வலயக் கல்விப் பணிமனையில் உதவிக் கல்விப் பணிப்பாளரும் ஆசிரிய ஆலோசகரும் இருக்கவே செய்கிறார்கள்; ஆனால் துணுக்காயிலும் வவுனியா வடக்கிலும் காட்டோரக் கிராமங்களில் சிதறிக் கிடக்கும் பாடசாலைகளை அவர்கள் எத்தனை முறைதான் சுற்றிவர இயலும்? ஆகவே எல்லாம் அலகின் ஆசிரியை தலையில் விடிகிறது. 'மொக்கு' என்று வகுப்பறை விதித்த தீர்ப்பை மெல்லக் கலைத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் எழுதி, ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத தாயைப் பிள்ளையுடன் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறச் சம்மதிக்க வைத்து, வைத்தியரின் அறிக்கையைத் தனியாள் கல்வித் திட்டமாக்கி, மேலதிக நேரம் கோரும் விண்ணப்பத்தைப் பரீட்சைத் திணைக்களத்துக்குத் தவணை தப்பாமல் அனுப்புவது வரை அவர் பொறுப்பே. அத்திட்டத்தில் ஒரு வரி, 'சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுதல்' என்றிருக்கும். இதுவும் ஒரு பாடமா என்று கேட்பவர், பிறர் கையால் பொத்தான் பூட்டிக்கொண்டே 14 வயதை எட்டிய பிள்ளையைக் கண்டிராதவர்.

வன்னி என்றதும் ஷெல்லடியே பலருக்கு ஞாபகம் வரும். அந்தக் காயங்கள் பொய்யல்ல; எனினும் இன்று கீழ்வகுப்புகளில் இருப்போர் 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்தவர்கள். கேட்கும் கருவியோ, பேச்சுப் பயிற்சியோ, பொறுமையான வாசிப்போ வேண்டிநிற்கும் பிள்ளைகளை யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது, அவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாதிருக்க வசதியான நியாயமாகிவிடுகிறது.

அங்கவீனத்தைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்யலாகாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. அனுமதிக்குப் பிந்திய காரியம் நேரசூசியைப் பொறுத்தது. இங்கிலாந்தில் உள்ளதுபோன்ற ஒருங்கிணைப்புப் பதவியொன்றைப் புதிதாக உருவாக்கத் திறைசேரியின் சம்மதம் வரும் வரையில், வாரத்தில் சில பாடவேளைகளையேனும் வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைத்து, அலகின் ஆசிரியையை இந்த ஒருங்கிணைப்புக் காரியங்களுக்காக விடுவிப்பது அதிபர் ஒருவரின் அதிகாரத்துக்குட்பட்டதே.