பிரசவ முறையும் பிறந்த குழந்தையின் சுவாசமும்

கருப்பையில் உள்ள குழந்தை நுரையீரலால் சுவாசிப்பதில்லை. அதற்குத் தேவையான ஆக்சிசன் நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து கிடைக்கிறது. அக்காலத்தில் நுரையீரலின் காற்றறைகள் ஒரு திரவத்தால் நிரம்பியிருக்கும். பிறந்தவுடன் இத்திரவம் அகன்று அவ்விடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். இம்மாற்றம் எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதில் பிரசவ முறைக்கும் பங்கு உண்டு. சுகப்பிரசவத்தில் பிறக்கும் குழந்தைகளைவிட, பிரசவ வலி தொடங்கும் முன்பே சிசேரியன் அறுவை மூலம் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை கூடுதலாக ஏற்படுகிறது.

நுரையீரல் திரவம்

இத்திரவம் குழந்தை உள்ளிழுத்த பனிக்குட நீர் எனப் பலரும் கருதுவதுண்டு, அது சரியன்று. நுரையீரலின் உட்பரப்புச் செல்களே குளோரைடு அயனிகளை வெளியேற்றி, அவற்றுடன் நீரையும் இழுத்து, இதைச் சுரக்கின்றன. நிறைமாதக் குழந்தையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை இது இருக்கும். நுரையீரல் விரிந்து வளர இத்திரவம் தேவை.

பிறப்புப் பாதையில் குழந்தையின் மார்பு நெருக்கப்படுவதால் திரவம் பிழிந்து வெளியேறுகிறது என்பதே பழைய விளக்கம். குழந்தையின் வாயிலும் மூக்கிலும் திரவம் வழிவதைக் கண்டவர்களுக்கு இது இயல்பாகவே பொருந்தித் தோன்றும். ஆனால் இவ்வாறு வெளியேறுவது ஒரு பகுதி மட்டுமே. மீதி நுரையீரலுக்குள்ளேயே உறிஞ்சப்படுகிறது. பிரசவ வலியின்போது குழந்தையின் இரத்தத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. அதுவரை திரவத்தைச் சுரந்துகொண்டிருந்த செல்கள் தம் வேலையை மாற்றிக்கொண்டு, சோடியத்தை உள்ளிழுக்கத் தொடங்குகின்றன. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. அதை நிணநீர் நாளங்களும் இரத்தக் குழாய்களும் எடுத்துச் செல்கின்றன. எஞ்சியதைக் குழந்தையின் முதல் சில மூச்சுகளும் அழுகையும் தள்ளிவிடுகின்றன.

ஆகவே கத்தியா, பிறப்புப் பாதையா என்பதைவிட, வலி தொடங்கியிருந்ததா என்பதே முக்கியமான கேள்வி. வலி கண்டபின் அவசரமாக அறுவை செய்து எடுக்கப்பட்ட குழந்தைக்கும் அந்த ஹார்மோன்களின் பயன் ஓரளவு கிடைத்திருக்கும்.

தற்காலிக வேக மூச்சு

திரவம் அகலத் தாமதமானால் குழந்தை வேகமாக மூச்சு விடும். நிமிடத்துக்கு 60-க்கு மேற்பட்ட மூச்சு, மூக்குத் துவாரங்கள் விரிதல், விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்குதல், முனகல் ஆகியவை இதன் அறிகுறிகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மேரி எல்லன் ஏவரியும் அவருடைய குழுவினரும் 1966-இல் இந்நிலையைத் தனி நோயாக விவரித்தனர். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் இது தானாகவே சரியாகிவிடும். அதுவரை ஆக்சிசன் அல்லது மூச்சுக்கு உதவும் கருவி தேவைப்படலாம். மூச்சு வேகமாக இருக்கும்போது பால் புகட்டினால் புரையேறும் என்பதால், குழாய் மூலமோ நரம்பு வழியாகவோ உணவு தரப்படும். தாயும் சேயும் பிரிந்திருக்க நேர்வதால் தாய்ப்பால் ஊட்டுவதும் தள்ளிப்போகும். அரிதாகச் சில குழந்தைகளுக்கு நுரையீரல் இரத்த அழுத்தம் குறையாமல் நிலைமை கடுமையாவதும் உண்டு.

வாரக் கணக்கு

டென்மார்க்கில் 34,000 பிரசவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, வாரங்களின் முக்கியத்துவத்தைத் தெளிவாகக் காட்டியது. சுகப்பிரசவத்துக்குத் திட்டமிடப்பட்டவர்களோடு ஒப்பிடுகையில், திட்டமிட்ட சிசேரியனில் பிறந்த குழந்தைகளின் மூச்சுக் கோளாறு வாய்ப்பு 37-ஆம் வாரத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு, 38-இல் மூன்று மடங்கு, 39-இல் இரு மடங்கு. 37 வாரமும் நிறைமாதம் என்றே வழக்கில் கணக்கிடப்படுகிறது. ஆயினும் நுரையீரலுக்கு அந்த இரண்டு வாரங்கள் சிறியவை அல்ல. அவசியக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் நிறைந்த பிறகு வைத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கு வாரக் கணக்கே பிழையாகலாம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இதில் நம்பகமானது.

சுகப்பிரசவம் எப்போதும் மூச்சுக்குப் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளில்லை. பிரசவம் நீண்டு ஆக்சிசன் குறைந்தாலோ, கருப்பைக்குள் கழித்த மலத்தைக் குழந்தை மூச்சோடு இழுத்துக்கொண்டாலோ விளைவு மிகக் கடுமையாகும். அத்தகைய வேளையில் காலத்தே செய்யும் சிசேரியன் உயிரையே காக்கிறது.

நாள் குறித்தல்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். இந்திய அளவில் 21.5 விழுக்காடு. இங்கு திட்டமிட்ட அறுவைக்கு நட்சத்திரமும் நல்ல நேரமும் பார்த்து நாள் குறிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. சோதிடர் தரும் நாள் 38-ஆம் வாரத்தில் விழுந்தால், நுரையீரலுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வாரம் பறிபோகிறது. 39 வாரத்துக்குப் பின்வரும் நாட்களுக்குள் மட்டும் நல்ல நாளைத் தேடினால் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் காத்திருக்கும்போது சிலருக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி வந்து, நள்ளிரவில் அவசர அறுவை செய்ய நேரும். முன்பு இரண்டு மூன்று சிசேரியன் செய்துகொண்ட தாய்மாருக்குக் கருப்பைத் தழும்பு கிழியும் ஆபத்தும் இருப்பதால், அவர்களுக்கு எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை மருத்துவர் தனித்தனியே முடிவு செய்கிறார்.